கட்டியில் ஊசி குத்தலாமா?

"என்னங்க, ஸ்கேன் ரிப்போர்ட்ல என்னதான் எழுதியிருக்கு?"

"ஊசி வெச்சு கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கணுமாம். டாக்டரம்மா சீக்கிரம் பண்ணிடச் சொல்றாங்க."

"ஐயையோ! கட்டியில ஊசி குத்தினா உடம்பு பூரா பரவிடும்னு எங்க பெரியம்மா சொல்லுவாங்களே! வேணாங்க... தீபம் முடியட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்."

திருவண்ணாமலையில் எந்தத் தெருவிலும், எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய பேச்சுதான் இது. தீபம் முடிந்தால் பொங்கல் வரும். பொங்கல் போனால் பிள்ளைகளுக்குப் பரீட்சை. அதற்குள் மார்பில் கோலிக்குண்டு அளவில் இருந்த கட்டி எலுமிச்சம்பழம் அளவுக்கு வளர்ந்திருக்கும். ஊசிக்குப் பயந்து தள்ளிப்போட்ட அந்த நாலு மாதம்தான் பல குடும்பங்களுக்குப் பெரிய நஷ்டமாகிவிடுகிறது.

சரி, ஊசி குத்தினால் நிஜமாகவே பரவுமா? கண்ணுக்குத் தெரியாமல் உடம்புக்குள் இருக்கும் கட்டிக்கு ஊசி எப்படி வழி கண்டுபிடிக்கிறது? தப்பிப் போய் வேறெதையாவது குத்திவிட்டால்? இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது. நிதானமாகப் பார்ப்போம்.

ரமணாசிரமத்தில் நடந்தது

இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரு சரித்திரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். 1949-ம் வருஷத் தொடக்கத்தில் பகவான் ரமண மகரிஷியின் இடது முழங்கைப் பக்கம் சிறிதாக ஒரு கட்டி தெரிந்தது. பிப்ரவரி மாதம் அதை அறுத்து எடுத்தார்கள். புண் ஆறி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதே இடத்தில் மறுபடியும் வளர்ந்துவிட்டது. மார்ச்சில் இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. எடுத்த சதையைப் பரிசோதனை செய்தபோதுதான் அது 'சார்கோமா' என்னும் புற்றுநோய் என்று தெரிந்தது. கையை எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் யோசனை சொன்னார்கள். மகரிஷி சம்மதிக்கவில்லை. ரேடியம் சிகிச்சை கொடுத்தார்கள். ஆகஸ்டில் ஓர் ஆபரேஷன், டிசம்பரில் இன்னோர் ஆபரேஷன். 1950 ஏப்ரல் 14 இரவு அவர் மகாசமாதி அடைந்தார்.

அன்றைக்கு இருந்த டாக்டர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் கையில் இருந்தது கத்தியும் எக்ஸ்ரேயும் மைக்ராஸ்கோப்பும்தான். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மருத்துவத்துக்குப் பயன்படும் விதம் பற்றிய புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது 1958-ல். சி.டி. ஸ்கேன் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது 1971-ல், லண்டனில். எம்.ஆர்.ஐ. அதற்கும் பிற்பாடு.

இன்றைக்கு அதே மாதிரி கையில் ஒரு கட்டி வந்து டாக்டருக்குச் சந்தேகம் தட்டினால், வரிசையே தலைகீழாகிவிடும். முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அதைப் பார்த்து, கட்டியின் எந்தப் பகுதியில் ஊசி போகவேண்டும் என்று முடிவு செய்வார்கள். பிறகு ஊசி மூலம் ஒரு துளி சதை. அது இன்னதென்று தெரிந்த பின்புதான் கத்தி. 'முதலில் அறு, அப்புறம் பார்' என்பது போய் 'முதலில் பார், அப்புறம் அறு' என்று ஆகியிருக்கிறது. இந்த மாற்றத்துக்கு வழி செய்தது ஒரு மெல்லிய ஊசியும், அதற்குப் பாதை காட்டும் ஸ்கேனும்தான்.

ஸ்கேனிலேயே தெரியாதா?

"அவ்வளவு பணம் கட்டி ஸ்கேன் எடுத்தோமே, அதில் தெரியாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

ஸ்கேன் காட்டுவது கட்டியின் உருவத்தை. எங்கே இருக்கிறது, எத்தனை சென்டிமீட்டர், ஓரம் வழவழப்பாக இருக்கிறதா, நண்டுக்கால் மாதிரி நீண்டிருக்கிறதா என்றெல்லாம் சொல்லும். ஆனால் அதற்குள் இருக்கும் செல்கள் எந்த ரகம் என்று உறுதியாகச் சொல்லாது. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது டி.பி.யாக இருக்கலாம், சாதாரண கிருமித் தொற்றாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். ஸ்கேனில் இவை சில சமயம் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடையில் இருக்கும். டி.பி.க்கு ஆறு மாதம் மாத்திரை, புற்றுநோய்க்கு வேறு சிகிச்சை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்தால் என்ன ஆகும்?

அதனால்தான் சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டியிருக்கிறது. இதில் இரண்டு வகை உண்டு.

முதலாவது, எஃப்.என்.ஏ.சி. ரத்தம் எடுக்கும் ஊசி அளவுக்கு, சில சமயம் அதைவிட மெல்லிய ஊசியால், கட்டியிலிருந்து சில செல்களை மட்டும் உறிஞ்சி எடுப்பது. கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்ப்பார்கள். 1930-ல் நியூயார்க்கில் மார்ட்டின், எல்லிஸ் என்ற இருவர் இந்த முறை பற்றி எழுதினார்கள். பிறகு ஸ்வீடன் நாட்டு டாக்டர்கள் அதை வளர்த்தெடுத்தார்கள். தைராய்டு கட்டிக்கும், கழுத்து நெறிக்கும் இன்றைக்கும் முதலில் செய்வது பெரும்பாலும் இதைத்தான்.

இரண்டாவது, 'கோர் பயாப்ஸி'. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் 'ட்ரூகட்' என்பார்கள். ஊசி சற்றுத் தடிமன், ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை. ஊசியின் நுனிக்கருகே ஒரு பள்ளம் இருக்கும். விசையைத் தட்டியதும் அந்தப் பள்ளத்தில் சதை உட்காரும், மேலே ஓர் உறை வந்து நறுக்கி மூடிக்கொள்ளும். கிடைப்பது சேமியாத் துண்டு மாதிரி ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் நீளச் சதை.

எஃப்.என்.ஏ.சி.யில் தனித்தனிச் செல்கள் கிடைக்கும். கோர் பயாப்ஸியில் அந்தச் செல்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதும் தெரியும். சுவரிலிருந்து உதிர்ந்த செங்கலைப் பார்ப்பதற்கும், சுவரிலேயே ஒரு துண்டைப் பெயர்த்துப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. மார்பகக் கட்டி புற்றுநோய் என்று தெரிந்தால், அது ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படுமா, 'ஹெர்-2' வகையா என்று பார்க்கவும் இந்தத் துண்டு வேண்டும். மருந்தை முடிவு செய்வதே அதை வைத்துத்தான்.

ஊசிக்கு வழி காட்டுவது யார்?

கைக்குத் தட்டுப்படும் கட்டி என்றால் விரலால் பிடித்துக்கொண்டே குத்திவிடலாம். ஈரலுக்குள்ளோ, நுரையீரலுக்குள்ளோ, முதுகெலும்புக்குள்ளோ இருந்தால்? அதற்குத்தான் படத்தின் துணை.

கிரிவலம் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அண்ணாமலை ஒரே மலைதான். ஆனால் கோயில் பக்கமிருந்து பார்த்தால் ஒரு தோற்றம். குபேர லிங்கம் தாண்டிப் போனால் ஐந்து முகமாகத் தெரியும். நடக்க நடக்க மலையின் வடிவம் மாறிக்கொண்டே வரும். ஒரே இடத்தில் நின்று பார்த்தால் மலையின் முழு உருவம் பிடிபடாது. எக்ஸ்ரே என்பது ஒரே இடத்தில் நின்று பார்ப்பது. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடும். சி.டி. ஸ்கேனில் எக்ஸ்ரே குழாய் உங்களைச் சுற்றி வலம் வருகிறது. எல்லாப் பக்கமும் பார்த்து முடித்து, உடம்பை வெள்ளரிக்காய் வில்லை போல நறுக்கி நறுக்கிக் காட்டுகிறது. கட்டி எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது அப்போதுதான் தெளிவாகும்.

ஊசிக்கு வழி காட்டும் முக்கியமான முறைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

1. அல்ட்ராசவுண்ட்

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அதே ஸ்கேன்தான். டாக்டர் ஒரு கையில் ஸ்கேன் கருவியைப் பிடித்துக்கொள்வார், மறு கையில் ஊசி. ஊசி உள்ளே போகப் போக திரையில் வெள்ளைக் கோடாக அது நகர்வது தெரியும். நுனி கட்டிக்குள் நுழைவதை அந்த நொடியிலேயே பார்க்கலாம். நடுவில் ரத்தக்குழாய் இருந்தால் 'டாப்ளர்' பொத்தானை அழுத்தினால் கலரில் தெரியும், ஒதுங்கிப் போகலாம். கதிர்வீச்சு கிடையாது. செலவும் குறைவு. தைராய்டு, மார்பகம், கழுத்து நெறி, ஈரல், சிறுநீரகம் இவற்றுக்கெல்லாம் முதலில் கைகொடுப்பது இதுதான்.

குறை என்ன? ஒலி அலைகள் காற்றையும் எலும்பையும் தாண்டாது. அதனால் நுரையீரலின் நடுவில் இருக்கும் கட்டியோ, எலும்புக்குள் இருக்கும் கட்டியோ இதில் தெரியாது. நெஞ்சுச் சுவரை ஒட்டிய கட்டி என்றால் தெரியும்.

2. சி.டி. ஸ்கேன்

நுரையீரல், முதுகெலும்பு, வயிற்றின் ஆழத்தில் இருக்கும் கட்டிகளுக்கு இது. முதலில் தோலில் சிறு கம்பிகளை வரிசையாக ஒட்டி ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். எந்தக் கம்பிக்கு நேரே குத்தவேண்டும், எந்தச் சாய்வில், எத்தனை ஆழம் என்று கம்ப்யூட்டரே அளந்து சொல்லும். பேனாவால் அந்த இடத்தில் குறி போட்டு, மரத்துப்போகும் ஊசி போட்டு, பயாப்ஸி ஊசியைப் பாதித் தூரம் செலுத்துவார்கள். மறுபடி ஒரு ஸ்கேன். வழி சரியா? கொஞ்சம் திருத்தி, இன்னும் கொஞ்சம் உள்ளே. மறுபடி ஸ்கேன். இப்படி நிதானமாகத்தான் போகும். "என்னமோ திரும்பத் திரும்ப உள்ளே தள்ளி வெளியே இழுக்கறாங்களே, தப்பு நடந்துடுச்சோ?" என்று பதற வேண்டாம். அந்த முறையே அப்படித்தான்.

பல இடங்களில் ஊசிக்குள் ஊசி என்ற உத்தியைக் கையாள்கிறார்கள். வெளி ஊசி கட்டியின் வாசலில் அப்படியே நிற்கும். அதற்குள் இன்னோர் ஊசியை விட்டு மூன்று நான்கு துண்டுகள் எடுப்பார்கள். தோலிலும் உறுப்பின் மேலும் ஒரே ஓட்டைதான். வழியில் இருக்கும் நல்ல சதைக்கும் பாதுகாப்பு.

இதில் உங்கள் ஒத்துழைப்பு ரொம்ப முக்கியம். மூச்சு விடும்போது நுரையீரலும் ஈரலும் மேலும் கீழுமாக நகரும். "மூச்சைப் பிடிங்க" என்றால் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு பிடிக்க வேண்டும். ஒரு தடவை நெஞ்சு நிறைய, ஒரு தடவை கொஞ்சமாக என்றால் கட்டி இடம் மாறிவிடும். முன்கூட்டியே வீட்டில் பழகிக்கொண்டு போனால் நல்லது.

3. மேமோகிராம்

மார்பகத்தில் சில பேருக்குக் கட்டியே இருக்காது. உப்புத் தூவினது போல சுண்ணாம்புப் புள்ளிகள் மட்டும் மேமோகிராமில் தெரியும். இவை அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் அகப்படாது. ஒரே இடத்தை இரண்டு சாய்விலிருந்து படம் எடுத்து, அந்த இரண்டு படங்களின் வித்தியாசத்தை வைத்து ஆழத்தைக் கம்ப்யூட்டர் கணக்கிடும். நமக்கு இரண்டு கண் இருப்பதால்தானே தூரம் தெரிகிறது, அதே தத்துவம்தான். எடுத்த சதையையும் எக்ஸ்ரே எடுத்து, புள்ளிகள் வந்திருக்கின்றனவா என்று அங்கேயே சரிபார்ப்பார்கள். எடுத்த இடத்தில் எள் அளவில் ஓர் உலோகத் துணுக்கை விட்டுவிட்டு வருவதும் உண்டு. பிற்பாடு ஆபரேஷன் தேவைப்பட்டால் இடம் தெரிவதற்காக. அதனால் கெடுதல் இல்லை.

4. மற்ற வழிகள்

புரோஸ்டேட் சுரப்பிக்கு ஆசனவாய் வழியே சிறிய அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பார்த்தபடி ஊசி செலுத்துவார்கள். முன்பே எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தை அதன்மேல் பொருத்திப் பார்த்துச் சந்தேகமான இடத்தில் மட்டும் குறிவைக்கும் முறையும் வந்திருக்கிறது. ஊசியை ஆசனவாய்ச் சுவர் வழியாக விடாமல், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள தோல் வழியாக விட்டால் கிருமித் தொற்று குறைவு.

கணையத்துக்கு, வாய் வழியே எண்டாஸ்கோப் விட்டு அதன் நுனியில் இருக்கும் அல்ட்ராசவுண்ட் மூலம். நெஞ்சின் நடுவே மூச்சுக்குழாயை ஒட்டிய நெறிகளுக்கு, மூச்சுக்குழாய்க்குள் விடும் அதே மாதிரிக் கருவி. ரத்தம் உறையாத கோளாறு இருப்பவர்களுக்கு ஈரலில் வெளியிலிருந்து குத்துவது ஆபத்து. அவர்களுக்குக் கழுத்து நரம்பு வழியே குழாய் விட்டு, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி, ஈரலின் உட்புறத்திலிருந்தே சதை எடுப்பார்கள். கசியும் ரத்தம் பெரும்பாலும் ரத்தக்குழாய்க்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிடும்.

பரவுமா, பரவாதா?

மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கும் கேள்விக்கு வருவோம். மழுப்பாமல் சொல்கிறோம்.

ஊசி போன பாதையில் புற்றுநோய்ச் செல்கள் ஒட்டிக்கொண்டு வளர்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் மிக மிக அபூர்வம். உடம்பு முழுவதும் பரவுவதற்கு ஊசி காரணமாவதில்லை. பரவுவது அந்த நோயின் குணம். ஊசிக்குப் பயந்து காலம் கடத்தினால்தான் அதற்கு வசதி. "ஊசி குத்தினாங்க, ஆறு மாசத்துல போயிட்டார்" என்று சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலும் நடந்தது, நோய் முற்றிய பிறகு ஊசிக்குப் போனதுதான்.

அதே சமயம், எல்லாக் கட்டியையும் ஊசியால் குத்தலாம் என்பதும் இல்லை. விதையில் வரும் சந்தேகக் கட்டியை வெளியிலிருந்து குத்தமாட்டார்கள். சினைப்பையில் மட்டும் அடங்கியிருக்கும் சந்தேகக் கட்டியையும் பொதுவாகக் குத்துவதில்லை, உடையாமல் முழுசாக எடுப்பதே நல்லது. சிர்ரோசிஸ் உள்ளவர்களுக்கு வரும் ஈரல் புற்றுநோயைப் பல சமயம் சி.டி., எம்.ஆர்.ஐ. படத்திலேயே உறுதி செய்துவிட முடிகிறது. ரமணருக்கு வந்தது போன்ற சார்கோமா சந்தேகம் இருந்தால் ஊசி எந்த இடத்தில் நுழைய வேண்டும் என்பதை, பின்னால் ஆபரேஷன் செய்யப்போகும் சர்ஜனோடு கலந்து பேசியே முடிவு செய்வார்கள். ஊசிப் பாதையையும் சேர்த்து எடுத்துவிட வசதியாக.

எனவே "குத்தலாமா?" என்று பெரியம்மாவிடம் கேட்காதீர்கள். "என் கட்டியைக் குத்தலாமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள்.

போவதற்கு முன்னால்

ஹார்ட்டுக்காக ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்லவேண்டும். நீங்களாக நிறுத்தவும் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் அது இன்னொரு ஆபத்து. எத்தனை நாள் நிறுத்துவது, நிறுத்தவே வேண்டாமா என்பதை இரண்டு டாக்டர்களும் சேர்ந்து சொல்வார்கள். சித்த மருந்து, நாட்டு மருந்து, லேகியம் எது சாப்பிட்டாலும் மறைக்காதீர்கள்.

ஆழமான கட்டி என்றால் ரத்தம் உறையும் நேரம், பிளேட்லெட் எண்ணிக்கை இரண்டையும் பார்ப்பார்கள். பிளேட்லெட் 50,000-க்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் முதலில் அதைச் சரிசெய்யப் பார்ப்பார்கள். சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்றில் வரச் சொன்னால் இன்சுலினை என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ஸ்கேன் ஃபிலிம் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படம் வேண்டும்.

வலிக்குமா?

மரத்துப்போகும் ஊசி போடும்போது எறும்பு கடித்தது போல ஓர் எரிச்சல். அதற்குப் பிறகு அழுத்துவது மாதிரி உணர்வுதான். கோர் பயாப்ஸி விசை 'டக்'கென்று சத்தம் போடும், ஸ்டேப்ளர் அடிப்பது போல. அந்தச் சத்தத்துக்குத்தான் நிறையப் பேர் துள்ளிவிடுகிறார்கள். முன்னாலேயே ஒரு தடவை அடித்துக் காட்டச் சொல்லுங்கள், பாதிப் பயம் போய்விடும். பெரும்பாலானவர்களுக்கு முழு மயக்கம் தேவையில்லை. குழந்தைகளுக்குத் தூங்க வைத்துச் செய்வார்கள்.

எடுத்த பிறகு

தைராய்டு, மார்பகம், கழுத்து நெறி என்றால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். லேசாக நீலம் பாரித்தால் சில நாளில் மறையும்.

ஈரல், சிறுநீரகம் என்றால் சில மணி நேரம் படுக்கையில் இருக்கவேண்டும். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஈரலில் எடுத்தபின் வலது தோளில் வலி தெரிந்தால் பயப்பட வேண்டாம், நரம்புத் தொடர்பால் அப்படித் தோன்றும். ஆனால் வலி கூடிக்கொண்டே போனால் நர்ஸிடம் சொல்லவேண்டும். சிறுநீரகத்தில் எடுத்தால் முதல் ஓரிரு தடவை சிறுநீர் சிவப்பாக வரலாம். கட்டிகட்டியாக வந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ உடனே போங்கள்.

நுரையீரலில் எடுத்தால் சுமார் ஐந்தில் ஒருவருக்கு நுரையீரலைச் சுற்றிக் கொஞ்சம் காற்று புகுந்துவிடும். பெரும்பாலும் அது தானாக உறிஞ்சிக்கொள்ளும். நூற்றில் சிலருக்கு மட்டும் சிறு குழாய் வைத்துக் காற்றை எடுக்க வேண்டியிருக்கும். அதனால்தான் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு அனுப்புகிறார்கள். சளியில் கொஞ்சம் ரத்தம் வருவதும் உண்டு.

வெளியூரிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலூர் இங்கிருந்து எண்பது கிலோமீட்டர் சொச்சம். காலையில் நுரையீரலிலோ ஈரலிலோ ஊசி போட்டுக்கொண்டு, மாலையில் நெரிசல் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஊர் திரும்புவது சரியில்லை. சிக்கல் வந்தால் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள்தான் வரும். அந்த ஒரு ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்கிவிடுங்கள். துணைக்கு ஓர் ஆள் வேண்டும். தண்ணீர்க் குடம் தூக்குவது, சிலிண்டர் நகர்த்துவது எல்லாம் சில நாளைக்கு வேண்டாம். பௌர்ணமிக்கு நேர்ந்துகொண்டிருந்தாலும் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை அடுத்த பௌர்ணமிக்கு வைத்துக்கொள்ளலாம். அருணாசலேஸ்வரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தலைசுற்றி வேர்ப்பது, வயிறு உப்பி வலிப்பது, குளிர்காய்ச்சல், நிற்காத ரத்தக்கசிவு. இதில் எது வந்தாலும் "காலையில பார்த்துக்கலாம்" என்று இருக்கக்கூடாது.

அந்தச் சின்ன பாட்டில் பத்திரம்!

ஊசி எவ்வளவு சரியாகப் போனாலும், எடுத்த சதை கெட்டுப்போனால் எல்லாம் வீண். சதைத் துண்டு 10 சதவிகித ஃபார்மலின் திரவத்தில் லேபுக்குப் போகவேண்டும். வெறும் தண்ணீரிலோ, ஐஸ் பெட்டியில் அப்படியேவோ வைத்தால் செல்கள் சிதைந்துவிடும். டி.பி. சந்தேகம் இருந்தால் இன்னொரு துண்டைத் தனியாக சலைனில் அனுப்பவேண்டும். ஃபார்மலினில் டி.பி. கிருமி செத்துப்போகும், வளர்த்துப் பார்க்கும் 'கல்ச்சர்' சோதனைக்கு அது உதவாது. "டி.பி. டெஸ்ட்டுக்கும் அனுப்புறீங்களா, டாக்டர்?" என்ற ஒரே கேள்வி, பல பேரை இரண்டாவது ஊசியிலிருந்து காப்பாற்றும்.

பாட்டிலை உங்கள் கையிலேயே கொடுத்து லேபுக்குக் கொண்டுபோகச் சொன்னால், பெயர், வயது, எந்த உறுப்பு, வலதா இடதா எல்லாம் லேபிளில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். மெழுகில் பதித்த சதைக் கட்டிக்கு 'பிளாக்' என்று பெயர். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் அதைக் கேட்பார்கள். திரும்ப வாங்கிப் பத்திரப்படுத்தினால் மறுபடி குத்தவேண்டி வராது.

இன்னொன்று. சில சமயம் பயாப்ஸி செய்யாமலேயே கட்டியை அறுத்து எடுத்துவிட்டு, "ஒண்ணுமில்ல, கொழுப்புக் கட்டிதான்" என்று அனுப்பிவிடுவார்கள். எடுத்த கட்டி எத்தனை சின்னதாக இருந்தாலும் லேபுக்குப் போயாகவேண்டும். "ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ரிப்போர்ட் வந்தாச்சு

சில நாட்கள் ஆகும். சிறப்புச் சோதனைகள் இருந்தால் இன்னும் கூடுதலாக ஆகும். 'போதிய சதை இல்லை' என்று வந்தால் அது நல்ல செய்தியும் இல்லை, கெட்ட செய்தியும் இல்லை. மறுபடி எடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

'புற்றுநோய் இல்லை' என்று வந்தால்? சந்தோஷம்தான். ஆனால் ஒரு விஷயம். ஸ்கேன் படம் பலமாகச் சந்தேகப்பட்டு, ஊசி 'ஒன்றுமில்லை' என்றால், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். ஊசி ஓரத்தில் பட்டிருக்கலாம். அப்போது டாக்டரே மறுபடி எடுக்கச் சொல்வார். "அதான் இல்லைன்னு வந்துடுச்சே, சும்மா காசு பிடுங்கறாங்க" என்று ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.

கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. எனக்கு எஃப்.என்.ஏ.சி.யா, கோர் பயாப்ஸியா? ஏன்?
2. எந்த ஸ்கேனைப் பார்த்துக்கொண்டு ஊசி போடுவீர்கள்?
3. நான் சாப்பிடும் மாத்திரைகளில் எதை, எத்தனை நாள் நிறுத்தவேண்டும்?
4. எடுத்த பிறகு எத்தனை மணி நேரம் இருக்கவேண்டும்? அன்றே ஊருக்குப் போகலாமா?
5. சதையை என்னென்ன சோதனைக்கு அனுப்புகிறீர்கள்? காப்பீட்டு அட்டையில் இதற்கு இடமுண்டா?
6. ரிப்போர்ட்டை எப்போது, யாரிடம் காட்டவேண்டும்?

திருவண்ணாமலையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதலில் அங்கே கேளுங்கள். இன்னும் மேல் சிகிச்சை என்றால் வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரிலுள்ள அரசு புற்றுநோய் மருத்துவமனை, 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் எல்லாமே ஒரு பகல் பயணத்துக்குள்தான்.

மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே அல்ல. அதை உறுதியாகத் தெரிந்துகொண்டு நிம்மதியாகத் தூங்கவும் இந்த ஊசிதான் வழி. மிச்சமுள்ள சிலருக்கும், சீக்கிரம் தெரிந்துகொண்டால் குணமாகும் வாய்ப்பு அதிகம்.

மலைமேல் ஏற்றும் தீபம் பதினோரு நாள் எரியும். அது அடுத்த வருஷமும் வரும். அதைக் கும்பிட வீட்டில் எல்லோரும் இருக்கவேண்டும் அல்லவா? தீபத்துக்கு முன்பே போய் ஊசியை முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.